பழைய ஃபிரிட்ஜில் புகைக்கறியா? முதல்ல ஒரு காந்தம் எடுத்துட்டு வாங்க

பழைய ஃபிரிட்ஜைப் புகைபோடுற பெட்டியா மாத்துற ஆசை ஓசூர்ப் பக்கம் வர்றதுல ஆச்சரியமே இல்லை. எல்லையைத் தாண்டினா பெங்களூருல நாகா சாப்பாட்டுக் கடைங்க, புகைபோட்ட பன்றிக்கறி தட்டுல வருது. குடகுலயும் அடுப்புக்கு மேல கறியைத் தொங்கவிட்டுப் பதப்படுத்துற பழக்கம் உண்டு. நம்ம ஊருல பழைய இரும்புக் கடையில செத்த ஃபிரிட்ஜ் கிடக்கு, வெல்டிங் தெரிஞ்ச ஆளுக்கும் பஞ்சம் இல்லை. அப்புறம் என்ன, செஞ்சிட வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க.

அவசரப்படாதீங்க தம்பிகளா. ஃபிரிட்ஜைத் திறந்து உள்சுவர்ல காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா அது அநேகமா பிளாஸ்டிக். வெளியே தகடு, உள்ளே பிளாஸ்டிக், நடுவுல பாலியூரித்தேன் ஃபோம்: இன்னிக்கு வீட்டுல இருக்கிறது பெரும்பாலும் இப்படித்தான். கறி வேக பெட்டிக்குள்ள 110 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு வேணும். அந்தச் சூட்டுல பிளாஸ்டிக் தொய்ஞ்சு போகும். ஃபோம்ல தீப்பிடிச்சா கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரும். அந்தக் கறியை யாருக்குப் போடுவீங்க?

அமெரிக்காவுல இதைச் செஞ்சு பேர் வாங்கினவங்க தேடிப் பிடிச்சது 1950-கள் கால ஃபிரிட்ஜ். அதுக்குள்ள எனாமல் பூசின இரும்பு இருக்கும், இடையில கண்ணாடிக் கம்பளி இருக்கும். நம்ம நாட்டுல கோத்ரெஜ் ஃபிரிட்ஜ் போட ஆரம்பிச்சதே 1958-லதான். அந்தக் காலத்துப் பெட்டி உங்க கையில கிடைக்கிறது கஷ்டம்.

பிடிவாதமா செய்யணும்னா, வெளித்தகடும் கதவும் மட்டும்தான் உங்களுக்கு உதவும்னு வச்சுக்கோங்க. பின்னாடி இருக்கிற குழாயை நீங்களே அறுக்காதீங்க. புது ஃபிரிட்ஜ்ல ஆர்-600ஏ கேஸ் இருக்கலாம், அது தீப்பிடிக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸை எடுக்கச் சொல்லுங்க. பிறகு பிளாஸ்டிக், ஃபோம், கதவோரத்து ரப்பர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு ராக்வூல் அடைச்சு, மேல 304 ஸ்டெயின்லெஸ் தகடு போடணும். ஜி.ஐ. தகடு வேண்டாம், அதுல துத்தநாகப் பூச்சு இருக்கு. பழைய கம்பித் தட்டும் வேண்டாம். கதவுல பூட்டோ கொக்கியோ இருந்தா எடுத்துடுங்க; குழந்தை உள்ள போய் மாட்டிக்கக் கூடாது.

இவ்வளவையும் கூட்டிக் கணக்குப் பார்த்தா, நீங்க புதுசா ஒரு ஸ்டெயின்லெஸ் பெட்டியே செஞ்சிருப்பீங்க. அதனால என் தீர்ப்பு: ஃபிரிட்ஜை விடுங்க, டிரம் வாங்குங்க. கிருஷ்ணகிரியில மாங்கூழ் ஆலைங்க இருக்கு. கூழைப் பையில நிரப்பி இரும்பு டிரம்ல வச்சு ஏற்றுமதிக்கு அனுப்புறாங்க. உணவு வச்ச டிரம்தான் வேணும். சிப்காட் தொழிற்பேட்டையில இருந்து வர்ற கெமிக்கல் டிரம் சும்மா கொடுத்தாலும் தொடாதீங்க. வாங்கின டிரம்முக்குள்ள முதல்ல வெட்டவெளியில வெறும் தீ மூட்டி, பூச்சு, பெயிண்ட் எல்லாம் எரிஞ்சு போற வரைக்கும் விட்டு, தேய்ச்சுக் கழுவுங்க. கீழே காத்துக்கு ஓட்டை, மேல புகை போக ஓட்டை. கீழ் ஓட்டையை மூடித் திறந்துதான் சூட்டைக் கட்டுப்படுத்தணும்.

விறகு விஷயத்துல ஒரு உள்ளூர் எச்சரிக்கை. கம்பெனி வாசல்ல உடைஞ்ச மரப் பலகைத் தட்டு குவிஞ்சிருக்கும், ஆசையா இருக்கும். அதுல 'எம்.பி.'ன்னு முத்திரை இருந்தா மீத்தைல் புரோமைடு வச்சு பூச்சி கொன்னதுன்னு அர்த்தம். முத்திரை இல்லாததுலயும் என்ன சிந்தியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? பிளைவுட், பெயிண்ட் அடிச்ச கட்டை, அரளி இதெல்லாமும் கூடாது. கொட்டாங்கச்சிக் கரி, மேல ரெண்டு காய்ஞ்ச கொய்யாக் கட்டை போதும். புகை மெல்லிசா நீலமா வரணும். வெள்ளையா கெட்டியா வந்தா கறி கசக்கும். லைன் வீட்டு வராண்டாவுல, மூடின அறையில வைக்கவே வைக்காதீங்க.

கோழித் தொடையில ஆரம்பிங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 கிராம் உப்பு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல ஊறட்டும். காலையில துடைச்சு, மேல்தோல் ஒட்டுற பதத்துக்கு ஃபிரிட்ஜ்லயே காய விடுங்க. அப்பதான் புகை பிடிக்கும். புகையில வேக ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், ஆனா கடிகாரத்தை நம்பாதீங்க. கறிக்குள்ள குத்துற தெர்மாமீட்டர் வாங்குங்க. எலும்புல படாம நடுச்சதையில 74 டிகிரி காட்டணும்.

மார்கழிக் குளிருல சூடே இல்லாம புகை மட்டும் போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அதுக்கு நைட்ரைட் உப்பு அளந்து போடணும், அளவு கூடினா விஷம்.

இன்னொண்ணு, இது பாட்டி வெயில்ல காயவச்ச உப்புக்கண்டம் இல்லை. இந்தப் புகை வாசனை கொடுக்கும், கெடாம காப்பாத்தாது. ஆறினதும் ஃபிரிட்ஜ்ல வச்சு, மூணு நாலு நாளுக்குள்ள தீர்த்துடுங்க.