காதுக்கு முன்னால் கண்

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறாய், அதில் காதால் கேட்டு விடை எழுதும் லிஸனிங்தான் உனக்குப் பயம் என்று உன் அம்மா போனில் சொன்னாள். முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் லிஸனிங்கில் கேட்பது 7 என்ற பேண்ட் மதிப்பெண். மொத்தம் 40 கேள்வி. ஏறத்தாழ 30 சரியாக இருந்தால் 7 வந்துவிடும். பத்து போனாலும் குடிமுழுகிப் போகாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. அதனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே.

ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும், சுமார் அரை மணி நேரம். இதில் கோட்டை விடுகிற பலருக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். 23ஆம் கேள்விக்கான விடை காதில் விழாமல் போயிருக்கும். 'என்ன சொன்னான், என்ன சொன்னான்' என்று மனசு அங்கேயே நிற்கும். அதற்குள் 24ம் 25ம் கடந்துவிடும். விடைகள் பெரும்பாலும் கேள்வி வரிசையில்தான் வருகின்றன. ஆகவே அடுத்த கேள்விக்கு உரிய பேச்சு தொடங்கிவிட்டால் முந்தையது போயே போச்சு. ஏதோ ஒன்றை எழுதிவிட்டு நகர்ந்துவிடு.

ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் கேள்விகளைப் படிக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். அந்த நேரம்தான் தேர்வின் பாதி. காலியிடத்தில் வரப்போவது எண்ணா, பெயரா, இடமா என்று யோசித்து வை. முன்னால் 'ஏ' இருந்தால் ஒருமை. 'மெனி' இருந்தால் கடைசியில் 'எஸ்' வேண்டும். அந்த ஒரு எஸ் விட்டுப்போனாலும் மதிப்பெண் இல்லை. 'இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது' என்று போட்டிருக்கும்போது மூன்று எழுதினாலும் அதே கதிதான். நான்காவது பகுதி கல்லூரி விரிவுரை மாதிரி இருக்கும். நடுவில் நிறுத்தமே இல்லை, பத்துக் கேள்வியையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

நம் பிள்ளைகளை அதிகம் சறுக்க வைப்பது முதல் பகுதி. இருப்பதில் சுலபமானது அதுதான் என்பது வேடிக்கை. போன் நம்பர், முகவரி, எழுத்துக்கூட்டிச் சொல்லும் பெயர், இவ்வளவுதான். ஆனால் பூஜ்யத்தை 'ஓ' என்பார்கள், 44ஐ 'டபுள் ஃபோர்' என்பார்கள், இசட்டை 'ஸெட்' என்பார்கள். தர்ட்டீனில் அழுத்தம் பின்பகுதியில், தர்ட்டியில் முன்பகுதியில். இது உனக்குப் புதிதில்லை. நைட் டியூட்டியில் டாக்டர் போனில் சொல்லும் மருந்தளவு ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்கிறவள்தானே நீ! தேர்வில் திருப்பிக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு தந்திரமும் உண்டு: பேசுகிறவன் செவ்வாய்க்கிழமை என்பான், உடனே 'இல்லை, புதன்' என்று மாற்றுவான். முதலில் கேட்டதை அடித்துவிட்டு எழுதத் தயாராக இரு.

பேச்சில் வரும் சொல் கேள்வியில் அப்படியே இருக்காது. கேள்வியில் 'சீப்' என்று இருக்கும். பேசுகிறவர் அதிகம் செலவாகாது என்பார். மூன்றாவது பகுதியில் கொடுத்திருக்கும் மூன்று விடைகளுமே காதில் விழலாம். மாணவி ஒன்றைச் சொல்வாள், ஆசிரியர் வேண்டாம் என்பார். காதில் விழுந்த சொல்லை உடனே டிக் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீ எழுதப்போவது கணினித் தேர்வு. கடைசியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். காகிதத் தேர்வில் விடைகளைப் பெயர்த்து எழுத 10 நிமிடம் தந்தார்கள். அதை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட பழைய யோசனைகளை நம்பாதே. கேட்கும்போதே எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்யப் பழகு. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் செல்லும்.

சப்டைட்டிலோடு படம் பார்ப்பதைப் பயிற்சி என்று நான் ஏற்கமாட்டேன். அங்கே வேலை செய்வது கண். பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியை எடுத்துக்கொள். ஒரே ஒரு தடவை கேட்டு எழுது, பிறகு அவர்கள் தரும் எழுத்துப் பிரதியோடு ஒத்துப்பார். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உச்சரிப்பும் தேர்வில் வரும் என்பதால் அந்நாட்டு வானொலிகளையும் கொஞ்சம் கேள்.

ஐஇஎல்டிஎஸ் தளத்திலேயே மாதிரிக் கேள்விகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்த்து, எந்தப் பகுதியில் அதிகம் விட்டாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மாமா