ஆண்ட்ராய்டா, ஐபோனா?



வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் உம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கி வருகிறார். வாப்பாவிடம் பழைய ஆண்ட்ராய்டு இருக்கிறது. ஒரே வாரத்தில் உம்மாவின் முதல் புகார்: "பாங்கு பாதியிலேயே நின்னுடுதே!"

போனில் பழுது ஏதும் இல்லை. செயலி அனுப்பும் அறிவிப்பின் ஒலி 30 வினாடியைத் தாண்டக் கூடாது என்பது ஐபோனில் உள்ள வரம்பு. ஆண்ட்ராய்டில் பாங்கு முழுவதும் ஒலிக்கும். ஆனால் அங்கே வேறு தொல்லை. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பல கம்பெனிப் போன்கள் செயலியைத் தூங்க வைத்துவிடும். சுபுஹுக்குச் சத்தமே வராது. அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய், தொழுகை நேரச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

இதெல்லாம் சின்ன விஷயம். இரண்டு போன்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் பகுதிச் சகோதரி ஒருவருக்கு, தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு நிகாஹ் அழைப்பிதழ் வந்தது. அது படம் அல்ல. பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று முடியும் கோப்பு. அதாவது ஒரு செயலி. தொட்டார். போன் இரண்டு மூன்று முறை அனுமதி கேட்டது. பத்திரிகையைப் பார்க்கும் ஆவலில் எல்லாவற்றுக்கும் சரி என்றார். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியும் அதில் ஒன்று. வங்கியிலிருந்து வந்த ஓடிபி அவர் கண்ணில் படுவதற்கு முன்பே மோசடிக்காரன் கைக்குப் போய்விட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் அது.

ஐபோனில் அந்தக் கோப்பு வேலை செய்யாது. நம் நாட்டில் ஐபோனுக்குள் செயலி நுழைய ஆப் ஸ்டோர் ஒன்றே பொதுவான வாசல். குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்கும் அனுமதியை அங்கே எந்த வெளிச் செயலியும் கேட்க முடியாது. அதற்காகக் கடன் வாங்கி ஐபோன் வாங்கச் சொல்ல மாட்டேன். போனில் அழைத்துப் பேசுகிறவனிடம் ஓடிபியை வாயால் சொல்லிவிட்டால் எந்தப் போனும் காப்பாற்றாது. ஆண்ட்ராய்டிலும் அந்த வாசலை அடைக்கலாம். அமைப்புகளில் 'தெரியாத செயலிகளை நிறுவுதல்' என்ற பகுதியைத் தேடுங்கள். வாட்ஸ்அப், குரோம் உட்பட எல்லாவற்றுக்கும் அதை அணைத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போன்களில் இதைப் பிள்ளைகள் இன்றே செய்துவிடலாம். இரண்டு நிமிட வேலைதான்.

ஸ்டோரில் இருப்பதாலேயே ஒரு செயலியை முழுமையாக நம்பிவிடவும் முடியாது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வைத்திருந்த ஒரு தொழுகை நேரச் செயலியிலிருந்து, பயனர்களின் இருப்பிட விவரம் தரவு வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்குப் போனது 2020 நவம்பரில் வெளியானது. அடுத்த மாதமே ஆப்பிள், கூகுள் இரண்டும் அந்த நிறுவனத்தின் மென்பொருளைச் செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லின. கிப்லா பார்க்க இருப்பிடம் தேவைதான். 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு போன்களிலும் இந்த வசதி உண்டு. தொழுகை நேரத்துக்கு ஊர்ப் பெயரை நாமே பதிந்துகொள்ளவும் பல செயலிகளில் வழி இருக்கிறது.

பழைய ஐபோன் வாங்குகிறவர்கள் விற்பவரின் ஆப்பிள் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டதா என்று கடையிலேயே பாருங்கள். நீக்காவிட்டால் அது பூட்டிய பெட்டி. ஆண்ட்ராய்டு வாங்குகிறவர்கள் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேளுங்கள். 2024இல் வந்த சாம்சங் எஸ்24 போன்ற விலை உயர்ந்தவற்றுக்கு 7 ஆண்டு. மலிவானவற்றுக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் போனில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து உடனே 1930க்கும் வங்கிக்கும் அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் புகார் போனால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்தச் சகோதரி வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து, மறுநாள் மதியம்தான் வாய் திறந்தார்.