பழைய தொலைபேசிக் கம்பியும் கட்டடங்களின் காவலும்

ஊரார் கூடி எழுப்பும் கட்டடம் எதுவாயினும், அதனைக் கட்டி முடிப்பதோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இடுவது போலவே, தீ, திருட்டு, விபத்து ஆகியவை நேரும்போது அக்கட்டடம் தானே குரல் கொடுத்து ஆட்களை அழைக்கும் ஏற்பாடும் இக்காலத்தில் அவசியமாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தின் பாதுகாப்பு அறை, சேமிப்புக் கிடங்கு, மருத்துவமனையின் மின்தூக்கி முதலிய இடங்களில் இத்தகைய அபாய அறிவிப்புக் கருவிகளை அன்பர்கள் பார்த்திருக்கலாம். அவற்றுள் பழையவை பெரும்பாலும் தொலைபேசிக் கம்பியை நம்பி அமைந்தவை. அக்கம்பியோ உலகின் பல நாடுகளிலும் விடைபெற்று வருகிறது. அது போகும்போது அதனுடன் வேறு எவையெல்லாம் போய்விடுகின்றன என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில காலத்துக்கு முன்பு, வேறோர் அலுவலின் பொருட்டு ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். விவசாயிகள் தம் வீட்டுப் பெண்களின் நகைகளை ஈடு வைத்துக் கடன் பெறும் சங்கம் அது. நகைகள் இருக்கும் அறையின் வாயிலில் அபாய அறிவிப்புக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. யாரேனும் அறையை உடைத்தால் சங்கு ஊதுவதுடன், செயலாளர் வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் தொலைபேசி வழியே செய்தி சொல்லும்படி அமைந்த கருவி. அதில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பொருள் என்னவென்று வினவினோம். எவருக்கும் தெரியவில்லை. அந்த விளக்குடன் எழுந்த ஓசை தொல்லையாக இருந்ததென்று யாரோ அதனை அடக்கி வைத்திருந்தனர் என்பது மட்டும் தெரிய வந்தது.

கருவியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றோம். சங்கு நன்றாகவே ஊதியது. ஆயின் செயலாளர் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கவில்லை. காவல் நிலையத்துக்கும் செய்தி போகவில்லை. காரணம் கேட்டபோது செயலாளர், "அந்தத் தொலைபேசி இணைப்பை ஒப்படைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறதே, ஐயா! எல்லோரிடமும் செல்பேசி இருக்கும்போது அதற்கு வேறு ஏன் வாடகை என்று நிறுத்திவிட்டோம்" என்றார். சிக்கனம் கருதி அவர் செய்த காரியத்தில் தீய எண்ணம் ஏதுமில்லை. மேசை மேல் இருந்த தொலைபேசியும் சுவரில் இருந்த கருவியும் ஒரே கம்பியில் வாழ்ந்தவை என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. அருகில் நின்ற முதிய விவசாயி ஒருவர், "அப்படியானால் இத்தனை நாளும் எங்கள் வீட்டு நகைக்குக் காவல் அந்தப் பூட்டு மட்டும்தானா?" என்று கேட்டார். அங்கிருந்த எவரும் விடை கூறவில்லை. நற்பேறாகத் திருட்டு எதுவும் நேரவில்லை. எனினும் அந்தக் கேள்வியே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

கம்பி செய்துவந்த மூன்று வேலைகள்

தொலைபேசிக் கம்பி பேச்சை மட்டுமே சுமந்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மூன்று வேலைகளைச் சத்தமின்றிச் செய்துவந்தது.

முதலாவது, மின்சாரம் தந்தது. பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக வைக்கப்பட்டுள்ள பாட்டரிகளிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் இரண்டு செப்புக் கம்பிகளின் வழியே சந்தாதாரர் வீடு வரை வரும். அந்நிலையத்தில் டீசல் இயந்திரமும் துணைக்கு இருக்கும். ஆகையால் ஊர் முழுதும் இருளில் மூழ்கிய இரவிலும் தொலைபேசி உயிருடன் இருந்ததை மூத்தோர் நினைவு கூர்வர்.

இரண்டாவது, காவல் காத்தது. கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறதா என்பதைக் கருவி இடைவிடாது கவனித்துக்கொண்டே இருக்கும். திருடன் கம்பியை அறுத்தாலோ, மழையில் கம்பி பழுதுற்றாலோ மின்னழுத்தம் மறையும். உடனே பழுது விளக்கு எரியும். மேற்சொன்ன சங்கத்தில் எரிந்த மஞ்சள் விளக்கு இதுவே. கருவி தன் கடமையைச் செய்தது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மூன்றாவது, விலாசம் சொன்னது. கம்பி ஒரே இடத்தில் முடிவதால், எண்ணைக் கொண்டு கட்டடத்தைக் கண்டறியலாம். புகையில் சிக்கியவரோ மின்தூக்கியில் அகப்பட்டவரோ இடத்தைச் சொல்ல இயலாமற் போனாலும், அழைப்பு எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

மாறுவது ஏன்?

செப்புக் கம்பி நிலத்தடியில் நீர் புகுந்து கெடுகிறது. செம்பின் விலைக்காகத் திருடப்படுகிறது. பழைய தொலைபேசி நிலையங்களின் இயந்திரங்களுக்கு மாற்று உறுப்புகள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கண்ணாடி இழையோ பேச்சு, படம், கணக்கு அனைத்தையும் ஒருங்கே சுமக்கிறது. நம் நாட்டிலும் செப்புக் கம்பி இணைப்புகள் இழை இணைப்புகளாக மாற்றப்பட்டு வருகின்றன. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் நோக்குடன் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. இம்மாற்றம் நன்மை பயப்பதே. ஆயினும் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. அதன் முனையில் உள்ள பெட்டிக்கு நம் கட்டடத்து மின்சாரமே உணவு. மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும். அதனை நம்பிய கருவியும் ஊமையாகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய கருவிகளுள் பல, செய்தியை இசைக்குறிகள் போன்ற ஒலிகளாக அனுப்புபவை. புதிய முறையில் பேச்சு சுருக்கப்பட்டுத் துண்டு துண்டாகச் செல்வதால் அவ்வொலிகள் சில வேளைகளில் சிதைந்துவிடும். மனிதர் பேச்சு தெளிவாகக் கேட்கும். கருவியின் பேச்சு மட்டும் புரியாமற் போகும். மேலும், சில பெட்டிகள் வெளித் தொடர்பு அறுந்த பின்னும் கருவியின் பக்கம் மின்னழுத்தத்தைத் தந்துகொண்டே இருக்கும். கருவியோ கம்பி நலமாக இருக்கிறதென்று நம்பி ஏமாறும். எனவே, "இணைப்பு மாற்றியாயிற்று, தொலைபேசியில் பேச முடிகிறது" என்பது மட்டும் போதிய சான்று ஆகாது.

பிற நாடுகள் கற்ற பாடம்

பிரிட்டனில் பழைய தொலைபேசி முறையை 2025 டிசம்பருக்குள் முற்றிலும் மூடிவிடத் தொலைபேசித் துறையினர் முதலில் திட்டமிட்டனர். அங்கே தனித்து வாழும் முதியோரும் நோயாளரும் கழுத்தில் ஒரு பொத்தானை அணிந்திருப்பர். விழுந்துவிட்டால் அதனை அழுத்த, தொலைபேசி வழியே உதவி வரும். ஏறத்தாழ 18 லட்சம் பேர் இவ்வசதியை நம்பியுள்ளனர். 2021 நவம்பரில் அடித்த ஆர்வென் புயலில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சில ஊர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரமின்றித் தவித்தன. இத்தகைய புயல்களின் அனுபவத்துக்குப் பின், பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2022 மார்ச்சில் வீடுகளை மாற்றும் பணியைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. 2023இல், இணைப்பு மாற்றப்பட்ட சில வீடுகளில் முதியோரின் அபாயப் பொத்தான் வேலை செய்யாத கடும் நிகழ்ச்சிகள் வெளிவந்தன. அவ்வாண்டு டிசம்பரில், விருப்பம் பெறாமல் மாற்றும் பணி நிறுத்தி வைக்கப்பட்டது. மூடும் நாளும் 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளிப் போயிற்று. தொலைபேசியையே நம்பியுள்ளவர்களுக்கு மின்தடையின்போது குறைந்தது 1 மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்காற்று அமைப்பின் எதிர்பார்ப்பு. ஒரு வாரம் நீண்ட இருளுக்கு 1 மணி நேரப் பாட்டரி எம்மாத்திரம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தீ அறிவிப்புக் கருவிகளுக்கான விதித் தொகுப்பு, மின்சாரம் நின்ற பின் 24 மணி நேரம் விழித்திருந்து, அதன் பிறகும் 5 நிமிடம் சங்கு ஊதும் அளவுக்குப் பாட்டரி வேண்டும் என்கிறது. அங்கும் ஏடி அண்டு டி என்னும் பெரிய நிறுவனம், கலிபோர்னியா நீங்கலாகத் தன் எல்லையின் பெரும்பகுதியில் 2029 முடிவுக்குள் செப்புக் கம்பியைக் கைவிடத் திட்டமிட்டுள்ளது.

இவை தொலைதூரச் செய்திகள் என்று நாம் ஒதுக்க இயலாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை டெல்டா மாவட்ட விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அபாயம் வரும் நாளும் மின்சாரம் நிற்கும் நாளும் பெரும்பாலும் ஒரே நாளாகவே இருக்கும். ஆகவே, மின்சாரம் இருக்கும் நாளில் மட்டும் வேலை செய்யும் காவல், காவலாகாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டுவன

பழைய கருவியை வைத்துக்கொண்டே வழியை மட்டும் மாற்றலாம். அன்றிப் புதிய கருவியையே வாங்கலாம். எதுவாயினும் இழை ஒரு வழி, செல்பேசி வலை மற்றொரு வழி என இரண்டு வழிகள் இருப்பது சாலச் சிறந்தது. ஒன்று அடைபட்டால் மற்றொன்று திறந்திருக்கும்.

சிம் அட்டை பொருத்தும் கருவி வாங்குவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விலை மலிவென்று இரண்டாம் தலைமுறை வலையில் மட்டும் இயங்கும் கருவியை வாங்கலாகாது. 2016இல் சேவை தொடங்கிய ஜியோ வலையில் அக்கருவி இயங்காது. ஏனைய வலைகளிலும் அம்முறை நெடுநாள் நீடிக்குமென்று நம்பியிருப்பதற்கில்லை. நான்காம் தலைமுறை வலையில் இயங்குவதா என்று கேட்டு வாங்குவதே முறை. அடுத்து, முன்பணம் செலுத்தும் சிம் அட்டை 90 நாள்கள் எவ்வித உபயோகமும் இன்றிக் கிடந்தால் இணைப்பு ரத்தாகக்கூடும். அபாயக் கருவியோ ஆபத்து வந்தாலன்றி அழைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆபத்தின்றி இருந்த நல்ல கட்டடத்திலேயே சிம் அட்டை செத்துப்போயிருக்கும்! மாதந்தோறும் சோதனை அழைப்பு ஒன்று விடுத்து, பணம் செலுத்தும் தேதியையும் பதிவேட்டில் குறித்துவந்தால் இக்குறை நேராது.

ஊராட்சி மன்றங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளி நிர்வாகங்களும் பின்வருவனவற்றைத் தவறாது செய்துவருதல் நலம்.

1. தொலைபேசி இணைப்பை ஒப்படைக்குமுன், அந்தக் கம்பியில் வேறு எந்தக் கருவி தொங்குகிறது என்பதைக் கட்டடம் முழுதும் நடந்து பார்த்துப் பட்டியல் எழுதுக. பழைய பற்றுச்சீட்டுகளில் யாரும் பேசாத எண் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் கருவியின் எண்ணாகவே இருக்கும்.

2. புதிய வழி அமைந்து, சோதிக்கப்பட்டு, செய்தி உரியவரைச் சென்றடைந்தது என்று எழுத்தில் பதிவான பின்னரே பழைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுக.

3. சோதனையைக் கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்க. இழைப் பெட்டி, கருவி ஆகிய இரண்டுக்கும் பாட்டரி உண்டா, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்க்க.

4. வெளித் தொடர்பைக் கழற்றிவிட்டு, பழுது விளக்கு எரிகிறதா என்று நோக்குக. எரியாவிடில் அந்த ஏற்பாட்டை ஏற்க வேண்டாம்.

5. கருவி அழைக்கும் எண்களை ஆண்டுக்கு இருமுறை திருத்துக. மாறுதலாகிப் போன செயலாளரை நள்ளிரவில் எழுப்புவதால் பயனில்லை.

6. கருவி சொல்லும் செய்தியில் கட்டடத்தின் பெயர், ஊர், ஒன்றியம், அடையாளம் ஆகியன தெளிவாக இருக்கட்டும். கம்பி சொன்ன விலாசத்தை இனி நாமே சொல்ல வேண்டும். 112, 101 ஆகிய அவசர எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதும் நன்று.

7. பழுது விளக்கைப் பார்ப்பதற்கென்று ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்குக. எல்லோருக்கும் பொதுவான வேலை எவருக்கும் உரியதன்று.

முடிவாக

இவற்றுக்கெல்லாம் பெரும் பொருட்செலவு ஏற்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஏழனுள் பெரும்பாலானவை கண்ணும் காலும் ஒரு பதிவேடும் கொண்டு செய்யக் கூடியவை. பாட்டரிக்கும் புதிய கருவிக்கும் ஆகும் செலவை, ஓர் அறையில் குவிந்திருக்கும் ஊரார் நகைகளின் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது செலவாகவே தோன்றாது.

நாம் மேலே குறிப்பிட்ட சங்கத்தில் பின்னர் நான்காம் தலைமுறைக் கருவி ஒன்றும் பாட்டரியும் பொருத்தினர். முதல் சோதனையின்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கருவியை இயக்கினர். செயலாளரின் செல்பேசி ஒலித்தது. காவல் நிலையத்திலிருந்தும் செய்தி கிடைத்ததென்று பதில் வந்தது. அன்று கேள்வி கேட்ட முதியவரையே மாதச் சோதனையின் சாட்சியாகக் கையொப்பமிடச் சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். அவரும் மாதந்தோறும் தவறாமல் வருகிறார். ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய ஒருவர் முன்வருவாராயின், பழைய கம்பி போவதைப் பற்றி நாம் கவலை கொள்ள வேண்டியதில்லை. இம்மாத ஊராட்சிக் கூட்டத்திலேயே இவ்விஷயத்தை எடுத்துப் பேசுமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம்.