ஆற்றை அழுக்காக்கும் கழிவுநீர் நிலையமும் நமது உரிமையும்

நமது கடைத்தெருவின் பின்புறம் ஓடும் ஆற்றைப் பற்றி அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மேலே இருக்கும் கழிவுநீர் நிலையத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் வருகிறது. சாயங்காலம் ஆனால் வாடிக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். நிலையமோ ஊருக்கு வேண்டியது. அதன்மேல் வழக்குப் போட முடியுமா?" என்கிறார்கள். நாமும் அதே வரிசையில் கடை வைத்திருப்பவர்தாம். மூன்று கடிதம் எழுதினோம். "தங்கள் புகார் கவனிக்கப்படுகிறது" என்று மூன்று பதில் வந்தது, ஒரே வாசகத்தில். ஆகவே இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம். நாம் வக்கீல் அல்லர். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நமது படிப்பு. விசாரித்தும் வாசித்தும் தெரிந்துகொண்டதை நமது பாஷையில் சொல்லுகிறோம்.

இங்கிலாந்தில் டார்பி என்று ஒரு பட்டணம். அதை ஒட்டி டெர்வென்ட் என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை ஒரு தூண்டில்காரர் சங்கத்திற்குச் சொந்தமாயிருந்தது. கரையிலோ மூன்று பெரியவர்கள்: செயற்கைப் பட்டு செய்யும் பிரிட்டிஷ் செலனீஸ் கம்பெனி, மின்சார வாரியம், டார்பி முனிசிபாலிட்டி. கம்பெனி தன் கழிவை விட்டது. மின்சார நிலையம் சுடுநீரை விட்டது. முனிசிபாலிட்டி அரைகுறையாய்ச் சுத்தம் செய்த ஊர்ச் சாக்கடையை விட்டது. சாக்கடை அழுக்கு மக்கும்போது தண்ணீரில் கலந்திருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். தண்ணீர் சூடானால் அந்த வாயு இன்னும் குறையும். மீன்கள் செத்தன. தூண்டில் சங்கத்தாரும் கரைநிலம் உடைய ஒரு பிரபுவும் சேர்ந்து மூவர் மேலும் தாவா செய்தார்கள்.

முனிசிபாலிட்டி சொன்ன பதிலை நாம் நன்றாய்க் கவனிக்க வேண்டும். நமக்கும் நாளை அதே பதில்தான் வரும். "ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்வது சட்டம் எங்களுக்கு இட்ட கடமை. 1901ஆம் வருஷத்துச் சட்டப்படி நிலையம் கட்டினோம். கட்டியபோது அது போதுமானதாயிருந்தது. பிறகு ஜனங்கள் பெருகிவிட்டார்கள். அது எங்கள் குற்றமா?" என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கோர்ட் ஒப்பவில்லை. நிலையம் கட்ட அனுமதித்த அதே சட்டம், அதனால் பிறருக்குத் தொல்லை வரக்கூடாது என்றும் சொல்லியிருந்தது. 1952இல் நீதிபதி ஹார்மன் தடையுத்தரவு கொடுத்தார். முனிசிபாலிட்டி அப்பீல் செய்து தோற்றது. நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அழுக்கை விட்டுக்கொண்டே இருக்கலாம் என்ற வழியும் அடைபட்டது. ஆனாலும் நிலையத்தை ஒரே நாளில் மூடினால் ஊர் நாறிப்போகும் அல்லவா? ஆகையால் வேலையைச் செய்து முடிக்க அவகாசம் கொடுத்து, உத்தரவை நிறுத்தி வைத்தார்கள்.

அயல்நாட்டுத் தீர்ப்பு நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நமது 1956ஆம் வருஷத்துச் சிவில் சட்டம், அவ்வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதியன்று இங்கிலாந்தில் நடப்பிலிருந்த பொதுச் சட்டத்தை, இந்நாட்டு நிலைமைக்குப் பொருந்தும் அளவில், தீபகற்பத்தில் ஏற்கச் சொல்லுகிறது. டார்பி தீர்ப்பு அந்தத் தேதிக்கு முந்தியது.

அந்தப் பொதுச் சட்டத்தில் ஒரு விதி நம்மைச் சற்று நிறுத்திற்று. கீழே இருப்பவனுக்கு வரும் தண்ணீரின் குணம் உணரத்தக்கபடி மாறக்கூடாது என்பது அது. மதரஸாவில் தண்ணீர்ப் பாடத்தில் நிறம், ருசி, வாசனை என்று உஸ்தாது விரல் மடக்கிச் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆயினும் நமக்கு அந்நியமான பேச்சல்ல.

இடையில் ஒரு தடங்கலும் வந்தது. 2003இல் லண்டனில் ஒரு வீட்டுக்காரர் சாக்கடை வெள்ளத்திற்காகத் தண்ணீர்க் கம்பெனி மேல் தொடுத்த வழக்கில், இதற்கென்று சட்டம் வேறு அதிகாரியை வைத்திருக்கிறது என்று சொல்லி உயர்சபை தள்ளிவிட்டது. அதைக் கேடயமாக வைத்துக்கொண்டு கம்பெனிகள் பல வருஷம் தப்பின. பிறகு மான்செஸ்டர் கப்பல் கால்வாய்க் கம்பெனி, தன் கால்வாயில் சுத்தம் செய்யாத சாக்கடையை விட்ட யுனைடெட் யுடிலிட்டீஸ் என்ற கம்பெனியை எதிர்த்தது. கீழே இரண்டு கோர்ட்டிலும் தோற்றது. 2024 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சொத்துக்காரர் தொல்லைக்காகத் தாவா செய்யும் உரிமையை அந்தச் சட்டம் பறிக்கவில்லை என்று ஒருமித்துச் சொல்லிற்று. பின்னால் வந்த தீர்ப்பு நமது கோர்ட்டைக் கட்டாது. எடுத்துக்காட்டலாம்.

நிற்க, நமது காரியம். சிலாங்கூர், பேரா போன்ற மாநிலங்களில் 1920ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டப்படி ஆறு மன்னருக்கு உரியது, நமக்கல்ல. நமது தாவா நமது கடைக்கு வந்த தொல்லையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். கடையைத் தம் வசத்தில் வைத்திருப்பவர், வாடகைக்காரராயிருந்தாலும், கேட்கலாம். மேல்மாடியில் படுத்துறங்கும் வேலைக்காரத் தம்பி தன் பெயரில் கேட்க முடியாது. வாடகைச் சீட்டு எழுதாமல் வாய்ப்பேச்சில் காலம் தள்ளுகிற முதலாளிமார் இதைக் கவனிப்பார்களாக. பிரதிவாதி அரசாங்க ஸ்தாபனமாயிருந்தால் 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி 36 மாதக் கெடு உண்டு. தொல்லை தொடர்ந்தால், அது நின்ற நாளிலிருந்து கணக்கு. சுற்றுச்சூழல் இலாகா 1974ஆம் வருஷத்துச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். அந்த அபராதம் கஜானாவுக்குப் போகும். நமது நஷ்டத்திற்கு வராது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தடையுத்தரவு கேட்டு வருகிறவன் சுத்தக் கையோடு வர வேண்டும் என்பது கோர்ட்டின் பழைய வழக்கம். நமது சாப்பாட்டுக் கடைகள் எத்தனையில் எண்ணெய் தேக்கும் தொட்டி ஒழுங்காய் இருக்கிறது? பொரித்த எண்ணெயை ராத்திரி பின்பக்கச் சாக்கடையில் கொட்டியவர் நிலையத்தின்மேல் எப்படி விரல் நீட்டுவார்? எதிர் வக்கீல் முதலில் கேட்பது அதுவாய்த்தான் இருக்கும்.

சென்ற மாதம் தொடங்கி நாம் பற்றுவரவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருகிறோம்: தேதி, மணி, தண்ணீரின் நிறம், நாற்றம் எவ்வளவு நேரம், மழை பெய்ததா, அன்றைய விற்பனை என்ன. பக்கத்துக் கடைக்காரர் இருவரும் எழுதுகிறார்கள். மூன்று புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகலாம் என்று இருக்கிறோம். உடன் வர விரும்பும் அங்கத்தினர்கள் இன்றே எழுதத் தொடங்கலாம்.