படிக்கும்போதே ஓடும் வட்டி

இடுக்கியின் பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றதையும், தம் கல்லூரிப் புத்தாக்க மன்றத்தையும் பற்றி ஆர்வத்துடன் பேசும் வணிகவியல் மாணவரிடம், கல்விக் கடனுக்கு வட்டி எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். 'வேலை கிடைத்தபின்' என்பார். அன்று, பணம் வழங்கிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தள்ளிவைக்கப்படுவது தவணை மட்டுமே.

ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ரூ.1 லட்சம் வீதம் மூன்றாண்டுகள் பெறுவதாகவும், வட்டி 10 சதவீதம் எனவும் கொள்வோம். தனிவட்டி முறையே ரூ.10,000, ரூ.20,000, ரூ.30,000, அவகாச ஆண்டில் மீண்டும் ரூ.30,000. ஆக ரூ.90,000 அசலுடன் சேர்ந்த பிறகே முதல் தவணை வரும். முதலாண்டு வட்டியோ மாதம் ஏறக்குறைய ரூ.833 தான், பெற்றோரால் இயலுமாயின் அதையேனும் கட்டிவருவது நன்று. அவ்வாறு செலுத்துவோருக்கு 1 சதவீத வட்டிச் சலுகை வழங்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் இடமளிக்கிறது. கையொப்பமிடும் முன் இச்சலுகையைக் கிளையில் கேட்டறியுங்கள்.