பொறுமை வேண்டுவோர்க்கு ஒரு பாடம்



காலையில் ஜினாலயம் சென்று வலம் வருகிறோம். அருகன் திருமுன் நின்று, "சுவாமி, எமக்குப் பொறுமை வேண்டும்" என வணங்குகிறோம். ஆனால் அருகனோ விருப்பு வெறுப்பு அற்ற வீதராகன். வேண்டியவர்க்குக் கொடுப்பதும், வேண்டாதவர்க்கு மறுப்பதும் அவனிடம் இல்லை. எனில், நாம் வேண்டும் பொறுமை எங்கிருந்து வரும்?

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் செறிப்பையும் உதிர்ப்பையும் விளக்குகிறது. புதுவினை வந்து சேராமல் தடுப்பது செறிப்பு. சேர்ந்த வினை நீங்குவது உதிர்ப்பு. அங்குக் கூறப்படும் பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை, அதாவது உயர்ந்த பொறுமை. அதனை அடுத்து, துறவியர் வெல்லவேண்டிய பரீஷஹங்கள் 22 எண்ணப்படுகின்றன. அவற்றுள் அடியும் நோயும் உண்டு. பசி, தாகம், குளிர், வெப்பம், கொசுக்கடி, கரடான படுக்கை, புல் குத்துதல், உடல் அழுக்கு, பிறர் கூறும் வசை, வேண்டியது கிடையாமை ஆகியவையும் உண்டு. இவை நம் இல்லங்களிலும் நாள்தோறும் நேர்வன அல்லவா? முனிவரின் பொறுமைக்கே கொசுவும் புல்லும் சோதனையாக வைக்கப்பட்டன எனில், இல்லறத்தாராகிய நாம் அவற்றை அற்பம் எனத் தள்ளலாகாது.

சிறு தொல்லை நேரும்போது முன்செய்த வினை உதயமாகிறது. அமைதியுடன் ஏற்றால் அது பயன் தந்து உதிரும். சினந்தால், பழைய கடனை அடைக்கும்போதே புதுக்கடன் வாங்கியவர் ஆவோம்.

இதனை யாம் கற்றது எம் இல்லத்தில்தான். தசலட்சண பருவத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது. ஓர் ஆண்டு அந்நாளில், காலையில் ஆலயத்தில் பொறுமை பற்றிய உரை கேட்டு மகிழ்ந்தோம். மாலையில் பேருந்து தாமதித்தது. கதிரவன் மறையச் சிறிது நேரமே இருக்க, வீடு வந்தோம். உணவு ஆயத்தமாகவில்லை. இரவுணவு நீக்கும் விரதம் உடைய யாம், மருமகளைக் கடுஞ்சொற்களால் வைதோம். அவள் மறுமொழி கூறவில்லை. பொழுதும் மறைந்தது. பட்டினி கிடந்தேனும் விரதம் காத்தோம் எனப் பெருமையும் கொண்டோம்.

தாமதத்தின் காரணத்தை மறுநாள் அறிந்தோம். நீர் வடிகட்டும் துணியில் கிழிசல் இருப்பதை அவள் கண்டிருக்கிறாள். நீரிலுள்ள நுண்ணுயிர்களைக் கருதி, அந்த நீரை விலக்கி, வேறு துணியில் வடிகட்டிப் புதிதாக உலை வைத்திருக்கிறாள். அதுமட்டுமன்று, அந்நாள் அவள் ஒருவேளை உணவே கொள்வதாக நோன்பேற்றிருந்தாள். அந்த ஒருவேளையையும் யாம் வந்தபின் உண்ணலாம் எனக் காத்திருந்தாள். உயிர்களைப் பேணியவளை வைதோம். அவள் பசியையோ அறியவும் இல்லை.

அறிந்த பின்னும் மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. சினத்திற்குத் துணையாக மானம் வந்து நின்றது. பத்து நாள்களும் கழிந்து, க்ஷமாவாணி நாளில்தான் பொறுத்தருளுமாறு வேண்டினோம். "அதை அன்றே மறந்துவிட்டேன், மாமா" என்றாள்.

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகளின் கோம்மடசாரம் சினத்தை நான்கு வகைக் கோடுகளுக்கு ஒப்பிடுகிறது. நீர்மேல் கோடு போன்றது அந்தர்முகூர்த்தத்துள், அதாவது 48 நிமிடங்களுக்குள் மறையும். மணல்மேல் கோடு போன்றது 15 நாள்கள் வரையிலும், மண்மேல் கோடு போன்றது ஆறு மாதங்கள் வரையிலும் நிற்கும். கல்மேல் கோடு போன்றது அதனையும் கடந்து பிறவிதோறும் தொடரும். நீர்க்கோடு நிறைவான ஒழுக்கத்தையும், மணற்கோடு துறவியரின் மாவிரதத்தையும், மண்கோடு இல்லறத்தாரின் விரதத்தையும், கற்கோடு நற்காட்சியையும் தடுப்பன. இந்த அளவுகோலை எம்மேல் வைத்துப் பார்த்தோம். மருமகளின் மனத்தில் விழுந்தது நீர்க்கோடு. எம் மனத்தில் விழுந்ததோ மணற்கோடு. அது 15 நாள்களைக் கடந்திருப்பின், பட்டினி கிடந்து காத்ததாகப் பெருமைப்பட்ட அந்த விரதமே எம்மிடம் நிலைத்திராது.

ஆகவே, பொறுமை வேண்டி நாம் வணங்குவது வீணன்று. பொறுமையின் நிறைவடிவைக் கண்டு, அதனை நம்முள்ளும் வளர்க்க உறுதி கொள்வதே வணக்கம். அதனை வளர்க்கும் களம் ஆலயத்தின் வெளியே இருக்கிறது: வராத பேருந்தும், ஆறிப்போன சோறும், அண்டை வீட்டார் வசையும் அக்களங்கள்.

இன்று முதல் ஒன்று செய்வோம். சினந்து பேசிவிட்டால், இரண்டு நாழிகை கழியுமுன் அவரிடமே சென்று பொறுத்தருள வேண்டுவோம். க்ஷமாவாணி நாள் வரை காத்திருக்க வேண்டா.

அறம் வளர்க!