நீதிபதி விட்டது எதை?

அன்புள்ள கதிர்,

போன ஞாயிறு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாயே, "ஜட்ஜே விட்டுட்ட பிறகு ஆபீஸ் எப்படி ஐயா வேலையைப் பிடுங்கலாம்?" என்று. நீ போய்விட்டாய். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. உன் சீனியரிடம் வந்திருக்கும் கட்சிக்காரர் அப்படிக் கேட்கலாம். சட்டம் படித்த நீ கேட்கலாமா?

நீதிபதி எதை விட்டார்? நம் பத்திரிகைகளுக்கு எல்லாமே "விடுதலை". குற்றம் நிரூபணமாகாமல் வெளியே வந்தவரும் விடுதலை. பத்து வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவரும் விடுதலை. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவரும் விடுதலை. "தண்டனை"யும் இதே லட்சணம்தான்: குற்றவாளி என்று தீர்ப்பதற்கும், இத்தனை மாதம் சிறை என்று விதிப்பதற்கும் ஒரே சொல். உன் குழப்பத்தில் பாதி இந்த இரண்டு சொற்கள் செய்த வேலை. வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன். ஒரு நிருபரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நன்னடத்தைச் சட்டத்தின் 3, 4-ஆம் பிரிவுகளில் நீதிபதி விடுவது சிறையை மட்டும். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அது இல்லாமல் அந்தப் பிரிவுகளுக்குள் நுழையவே முடியாது.

உடனே 12-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவாய். "தகுதியிழப்பு ஏற்படாது" என்றுதானே அது சொல்கிறது? தகுதியிழப்பு என்பது, தேர்தலில் நிற்க முடியாமல் போவதுபோல, குற்றத்தீர்ப்போடு தானாக வந்து ஒட்டிக்கொள்வது. பணியறவு அப்படி ஒட்டாது. ஓர் அதிகாரி கோப்பைப் படித்து, யோசித்து, கையெழுத்திட வேண்டும். அரசியலமைப்பின் 311(2)-ஐ கைடு புத்தகத்தில் படிக்காமல் மூலத்தில் படி. 17(பி) குற்றச்சாட்டு மெமோ, விசாரணை எதுவும் இல்லாமலே ஒருவரை வேலையிலிருந்து அனுப்ப அதன் வரம்புரை இடம் தருகிறது. அங்கே அது காரணமாகக் காட்டுவது தண்டனையை அல்ல; குற்றத்தீர்ப்புக்கு இட்டுச்சென்ற நடத்தையை. சிறை ரத்தானாலும் நடத்தை நடந்ததுதான்.

அதற்காக ஆபீஸ் இஷ்டப்படி ஆடலாம் என்றில்லை. சங்கர் தாஸ் வழக்கை எத்தனை தடவை படித்திருப்பேனோ, கணக்கில்லை. தில்லி பால் வழங்கு திட்டத்தில் காசாளர். 500 ரூபாயைக் கட்டாமல் வைத்துக்கொண்டார் என்று வழக்கு. பணத்தைத் திருப்பிக் கட்டினார், குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். மாஜிஸ்டிரேட் அவர் குடும்பத்தைப் பார்த்தார்: மகன் இறந்துபோனான், மனைவி மாடியிலிருந்து விழுந்து பலத்த காயம், பிறகு மகள் எட்டு மாதம் நோயில். அடிமேல் அடி வாங்கிய மனிதர் என்று நன்னடத்தைச் சட்டத்தில் விட்டார். நிர்வாகமோ ஆளை வீட்டுக்கு அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்து முடிந்தது 1985 மார்ச்சில். 12-ஆம் பிரிவு உன்னைக் காப்பாற்றாது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தெளிவாகச் சொன்னார். அதே மூச்சில், அதிகாரம் இருந்தால் நியாயமாகப் பயன்படுத்து என்றும் சொன்னார். நிறுத்தக்கூடாத இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி அபராதம் கட்டியவரையும் பணியறவு செய்வாயா என்று கேட்காத குறை! முழுச் சம்பள பாக்கியோடு வேலை திரும்பக் கிடைத்தது. தீர்ப்பு சில பக்கங்கள்தான்.

நாலே மாதத்தில் வந்த துளசிராம் படேல் தீர்ப்பு நூறு பக்கத்தைத் தாண்டும். ஜபல்பூரில் ஒரு தணிக்கையாளர், தலைமை எழுத்தரை இரும்புக் கம்பியால் தலையில் அடித்தார். அவரையும் நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையில்தான் விட்டது. துறை கட்டாய ஓய்வு கொடுத்தது. செல்லப்பன் என்ற ரயில்வே ஊழியரின் வழக்கில் 1975-இல், இப்படிப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடு என்றிருந்தது உச்ச நீதிமன்றம். துளசிராம் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. நீதிபதி தக்கர் மட்டும் மாறுபட்டார். கட்டாய ஓய்வு நிலைத்தது. அந்த அமர்விலும் சந்திரசூட் இருந்தார். தீர்ப்பு வந்த 1985 ஜூலை 11 அவர் ஓய்வுபெற்ற நாள். சங்கர் தாஸ் கருணை, துளசிராம் கடுமை என்று வகுப்பில் நோட்ஸ் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டிலும் கேள்வி ஒன்றே. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் 500 ரூபாயைப் பிடித்துவைத்ததும், அலுவலகத்தில் கம்பியை ஓங்கியதும் ஒரே நடத்தையா?

ஆகவே மனுவில் 12-ஆம் பிரிவைப் பக்கம் பக்கமாக எழுதாதே. வருகிற ஞாயிறு அந்தப் பணியறவு உத்தரவின் நகலைக் கொண்டு வா. "நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டதால்" என்பதற்கு மேல், அந்த மனிதர் என்ன செய்தார், எந்த நிலையில் செய்தார் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா பார்ப்போம். போன தீபாவளிக்கு நீ எடுத்துப்போன என் 1985 தீர்ப்புத் தொகுதியையும் மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்